ஏறும் வயது, இறங்கும் வயது

அரியமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலைக்கோட்டை தெரியும். இன்னொரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனையின் சங்கு கேட்கும். காற்று திசை மாறினால் குப்பைக் கிடங்கின் வாடை வரும். செய்தித்தாளில் எங்கள் ஊர்ப்பெயர் பல வருஷங்களாக அந்தக் கிடங்கின் புகையோடு சேர்ந்தேதான் வந்துகொண்டிருந்தது.

இந்த மாடியில்தான் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகள் கூடுகிறார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஒருத்தி பாட்டு வாத்தியாரிடம் படித்த கீர்த்தனையைப் பாடுவாள். ஒருத்தி செல்போனைப் பார்த்துப் பழகிய ஆட்டத்தை ஆடுவாள். அண்ணனிடம் பறை கற்றுக்கொண்ட ஒருத்தி அடித்துக் காட்டுவாள். இரண்டு பேர் சேர்ந்து தண்ணீர் லாரி வராத நாளைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். லாரியாக நடித்தது ஒரு பிளாஸ்டிக் டிரம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதும் ஒரு பெண்ணும் இருந்தாள். இருட்டிய பிறகுதான் படிப்பாள். யார் முகமும் தெரியக்கூடாது என்பது அவள் நிபந்தனை. செல்போன் வெளிச்சத்தில் நோட்டு மட்டும் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மளிகைக் கடையில் அவள் அம்மாவைப் பார்த்தபோது கேட்டேன். "பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர். சின்னப் புள்ளையா இருந்தப்ப சரி, இனிமே எதுக்கு மாடி ஏறிக்கிட்டு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணியை உள்ளே எடுப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அந்த வாக்கியம் புதிதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் கரகம் ஆடிய என்னைப் பதின்மூன்றாவது வயதில் நிறுத்தியபோது என் பாட்டியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கரகச் செம்பு மறுவாரம் சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும் செம்பாகிவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆகவே அதை ஓர் இழப்பாகச் சொல்லிக்கொள்ளவே எனக்கு இருபது வருஷம் ஆனது.

வரலாறு படித்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் அந்த அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொண்டு எங்கள் மாடியைச் சுற்றியுள்ள ஊர்களின் பழைய கதைகளுக்குப் போனேன். தமிழ்நாட்டில் சிறுமிகளுக்கு மேடை மறுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் ஏறிய சிறுமிகள் இங்கே நிறையப் பேர். ஏறிய சிறுமி அந்த மேடையிலேயே வளர்ந்து, தன் உடலோடும் தன் சொல்லோடும் முழுப் பெண்ணாக நிற்க முடிந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மலைக்கோட்டை, 1927

மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னிதிக்கு ஏறும் வழியில் நூற்றுக்கால் மண்டபம் இருக்கிறது. 1927-இல் அங்கே பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கச்சேரி செய்தாள். வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் தட்சிணாமூர்த்தி பிள்ளை. இரண்டு பேருமே அந்நாளின் பெரிய வித்வான்கள். நடுவில் உட்கார்ந்து பாடிய சிறுமி எம்.எஸ். சுப்புலட்சுமி.

கச்சேரியை ஏற்பாடு செய்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். ரயில்வே அதிகாரி, காங்கிரஸ்காரர், நாடகப் பித்தர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். அதே சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க ஒரு சிறுவனையும் அவர்தான் கண்டெடுத்தார். அந்தச் சிறுவன் எம்.கே. தியாகராஜ பாகவதர். ஒரே ஊரில், ஒரே மனிதரின் கையால், ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் மேடை திறந்தது. இதுவரை கதை அழகாகத்தான் இருக்கிறது.

எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளை விரித்துப் பார்ப்போம். மதுரை, சண்முகவடிவு. இரண்டாவது எழுத்து அம்மாவின் பெயர். சண்முகவடிவு வீணைக் கலைஞர். அவருடைய அம்மா அக்கம்மாள் வயலின் வாசித்தவர். கோயிலோடும் கலையோடும் கட்டப்பட்டிருந்த தாய்வழிக் குடும்பம் அது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக்கி அடையாளம் காட்டும் நாட்டில், தாயின் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி மலைக்கோட்டையில் ஏறினாள். அவள் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சாட்சி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சினிமாவில் நடித்தார். 1940-இல் திருமணம். 1945-இல் வந்த 'மீரா' அவருடைய கடைசிப் படம். கணவனையும் அரண்மனையையும் விட்டுக் கடவுளிடம் போகும் பக்தையின் வேடம் அது. அதன்பின் ஊர் அவரைப் பக்தியின் குரலாகவே பார்க்கப் பழகிக்கொண்டது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் கூப்பிய கையும் ஒரு படிமமாக உறைந்தன. சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதிப் பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குத் தந்தது 1968-இல். அந்தப் பெண் எம்.எஸ்.தான். மலைக்கோட்டையில் பாடி நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினோரு வயதுச் சிறுமியை நடுவில் உட்கார வைத்து வாசிக்க வித்வான்கள் இருந்தார்கள். வளர்ந்த பெண்ணை வித்வான்களின் தலைமையில் உட்கார வைக்கத்தான் அத்தனை காலம் பிடித்தது.

அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்த வடிவத்தில் வந்தால் இந்தச் சமூகம் ஒரு பெண்ணை மேடையில் தங்க விடுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சங்கிலியாண்டபுரத்துச் சீதை

எங்கள் அரியமங்கலத்திலிருந்து நகரத்துக்குப் போகும்போது அதிக தூரமில்லாமல் வருவது சங்கிலியாண்டபுரம். சிவாஜி கணேசன் வளர்ந்த இடம். சிறுவனாக இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் போட்ட முதல் வேடங்களில் ஒன்று சீதை. பாய்ஸ் கம்பெனிகளில் பெண்வேடமெல்லாம் பையன்களுக்குத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்றவை சின்னப் பையன்களைச் சேர்த்துச் சோறு போட்டு, பாட்டும் வசனமும் பயிற்றுவித்த குருகுலங்கள். பயிற்சி கடுமையானது, அடியும் உண்டு. ஆனாலும் தமிழ் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அடுத்த ஐம்பது வருஷத்துக்கான நடிகர்களை அவைதான் தயாரித்தன.

அதே தெருவிலிருந்து ஒரு சிறுமி வீட்டைவிட்டுக் கிளம்பி நாடகத்தில் சேர்ந்திருந்தால் அவள் திரும்ப வந்து சொல்வதற்கு ஒரு தெரு இருந்திருக்குமா? சீதையாக நடிக்கும் பையனுக்கு அது ஒரு வேடம். முகப்பூச்சைக் கழுவினால் அவன் பையன். சீதையாக நடிக்கும் பெண்ணுக்கு அந்தப் பூச்சு கழுவ முடியாத கறையாக மாறியது.

பெண்கள் நடத்திய நாடகக் கம்பெனிகளே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காகத் தனி ரயில் விடப்பட்டதாக நாடக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆண்களுக்குப் பெண்வேடம் போட்டவர்களைப் பற்றி நம்மிடம் எத்தனை நூல்கள்! பெண்களே நடத்திய அந்தக் கம்பெனி அவற்றில் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு, அல்லது ஒரு கிசுகிசு.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் முன்னெழுத்தையும் விரிக்கலாம். கொடுமுடி, பாலாம்பாள். அங்கேயும் அம்மாவின் பெயர். வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி நாடகத்துக்கு வந்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார், அவரை மணந்தார். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச்சேலை உடுத்தினார், நகைகளைக் கழற்றினார், இனி ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அன்று யாரும் கேள்விப்படாத தொகை. ஆனால் வேடம் நந்தனார், ஓர் ஆண். 1953-இல் 'அவ்வையார்', ஒரு கிழவி. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், ஒரு துறவி. ஆண், கிழவி, துறவி. அந்தக் குரல் மேடையில் தங்குவதற்கு இளம்பெண்ணின் உடலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. அவரே விரும்பி எடுத்த முடிவு என்பார்கள். இருக்கலாம். இருபத்தைந்து வயதில் விதவையான ஒரு நடிகையின் முன்னால் வேறு எத்தனை வழிகள் திறந்திருந்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1958-இல் சட்ட மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து இந்தியச் சட்டமன்ற அவை ஒன்றுக்குள் நுழைந்த முதல் கலைஞர் அவர்.

ஆண்டாள், அவ்வை, காரைக்கால் அம்மை

இது சினிமாக்காலத்துப் பழக்கம் மட்டும்தானா என்று யோசித்தபடி ஒரு மார்கழியில் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். பகல்பத்து நடந்துகொண்டிருந்தது. குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு அரையர்கள் பாசுரம் பாடி அபிநயம் செய்தார்கள். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் மரபு. பாட்டும் நடிப்பும் கவிதையும் ஒன்றாகக் கலந்த, கேட்கக் கேட்கத் தெவிட்டாத கலை. பரம்பரையாக ஆண்களுக்கு மட்டும் உரியது. நாயகி பாவத்தில் பாடப்பட்ட பாசுரங்களும் அங்கே ஆண் குரலில்தான் ஒலிக்கின்றன.

ஆண்டாளின் கதை திருவரங்கத்தில்தான் முடிகிறது. வில்லிபுத்தூரில் பூமாலையும் பாமாலையும் கட்டிய பெண்பிள்ளை மணப்பெண்ணாகப் பல்லக்கில் வந்து இறங்கி, அரங்கனோடு கலந்து மறைந்துபோகிறாள். பக்தர்களுக்கு அது உன்னதமான முடிவு. கவிதை வாசிக்கும் பெண்ணாக எனக்கு வேறொன்று உறுத்துகிறது. நாச்சியார் திருமொழியில் தன் உடலின் வேட்கையை அவ்வளவு நேராகச் சொன்ன ஒரு கவிஞரின் வாழ்க்கைக் கதையில், கல்யாணமும் மறைவும் ஒரே நாளில் நடக்கின்றன. அதற்குப் பிறகு அவள் பாடிய ஒரு பாட்டும் நமக்கு இல்லை.

அவ்வையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி, இளமையை விட்டுக் கிழவியாகிறாள். அதன்பிறகுதான் ஊர் ஊராகப் போகவும், அரசர்களோடு சரிக்குச் சரியாகப் பேசவும் முடிகிறது. சங்க காலத்து அவ்வை வேறு, பிற்கால அவ்வை வேறு என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஊர்க்கதை எல்லாரையும் சேர்த்து ஒரே கிழவியாக்கிவிட்டது. காரைக்கால் அம்மையோ அழகையும் சதையையும் உதறிப் பேயுருவம் கேட்டு வாங்குகிறார். தலையால் நடந்து கயிலை ஏறுகிறார்.

ஒருத்தி மறைந்தாள், ஒருத்தி கிழவியானாள், ஒருத்தி பேயானாள். கவிதை எழுதும் பெண்ணுக்குத் தமிழ்க் கதைமரபு காட்டிய மூன்று கதவுகள் இவை. பதின்மூன்று வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவே, வீட்டில் குழம்பு கொதிக்கக் கொதிக்கக் கவிதை எழுதும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

நடுவயதுப் பெண்ணாக நின்று எழுதியவளுக்கு என்ன நடந்தது என்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தை இயற்றினார். காமத்தில் பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணே பேசுகிற நூல். 1910-இல் அதைப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கல்விக்காகப் பாடுபட்ட சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கமே அந்த நூலைப் பெண் எழுதத் தகாதது என்று கண்டித்திருந்தார். பிரிட்டிஷ் அரசு நூலைத் தடை செய்தது. இதே நாகரத்தினம்மாள்தான் பின்னர் தன் சொத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டினார். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று இரண்டு கட்சி ஆண்களும் தடுத்தபோது, பெண்களைச் சேர்த்துத் தனியாகப் பாடினார். 1940 வாக்கில் மூன்று தரப்பும் ஒன்றாயின. இன்று அங்கே பெண்கள் பாடுவது யாருக்கும் செய்தியாகத் தோன்றுவதில்லை. செய்தியாகத் தோன்றாத அளவுக்குச் சாதாரணமாக்கியதுதான் அவர் வெற்றி.

புதுக்கோட்டையின் இரண்டு பெண்கள்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி திருச்சிக்குத் தெற்கே இருக்கிறது. பழைய புதுக்கோட்டை சமஸ்தானம் சின்னது. அங்கிருந்து வந்த இரண்டு பெண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாமவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். வயதுக்கு வந்ததும் முத்துலட்சுமியின் பள்ளிப்படிப்பு நின்றது. வீட்டிலேயே படித்துத் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். மருத்துவரானார். சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார். எம்.எஸ். மலைக்கோட்டையில் பாடிய அதே 1927-இல், கோயில்களில் சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். பல படிகள் தாண்டி 1947-இல் அது முழுச் சட்டமானது.

இரண்டாமவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் விராலிமலை முருகன் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்டவர். அங்கே சேவை செய்த 32 பேரில் எஞ்சியவர். மலைப்படி ஏறிப்போய்ச் சாமி முன்னால் பாடி ஆடுவது அவருடைய தினப்படி வேலை. சதிர் ஆட்டத்தில் தானே பாடிக்கொண்டே ஆடும் பழைய முறை அவரிடம் இருந்தது. வழக்கம் சட்டத்தால் நின்றது. சமஸ்தானமும் 1948-இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்து முடிந்துபோனது. சேவையும் அதைச் சார்ந்த பிழைப்பும் போயின. பல பத்தாண்டுகள் வறுமையில் இருந்தார். 2022-இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது? கல்லூரியில் இந்தப் பாடம் எடுக்கும்போது மாணவிகள் இதைத்தான் கேட்பார்கள். ஏழு வயதுக் குழந்தையின் வாழ்க்கையைக் கோயிலுக்கும், கோயில் வழியாக ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் எழுதிக்கொடுக்கும் வழக்கத்தில் அந்தக் குழந்தையின் சம்மதம் எங்கே இருந்தது? முத்துலட்சுமி கேட்டது நியாயமான கேள்வி. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதையே கேட்டார். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். அதே சமயம் எங்கள் சொத்துரிமையையும் கலையையும் பறிக்காதீர்கள் என்று தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி மனுக் கொடுத்தார்கள். நாகரத்தினம்மாள் அந்தப் பக்கம் நின்றார். பெண்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருந்தது.

ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஓர் இடம் இடிக்கிறது. பொட்டுக்கட்டுவது நின்றது, நல்லது. அந்தப் பெண்களிடமிருந்த ஆட்டம் நிற்கவில்லை. 1931-இல் மியூசிக் அகாதெமியில் கல்யாணி மகள்கள் ஆடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாறில் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் பிறந்தது. வேறு வீட்டுச் சிறுமிகள் சலங்கை கட்டத் தொடங்கினார்கள். 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் தங்கள் மரபின் பெயரோடு உலக மேடைவரை போனார்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் மகள்களுக்கு ஆடவே கற்றுத்தரவில்லை. ஆடினால் அம்மா யார் என்று கேட்பார்களே என்ற பயம். ஒரு வீட்டில் மானக்கேடாக இருந்த அதே அடவு, தெரு தாண்டி இன்னொரு வீட்டில் பண்பாடாக ஆனது. யார் ஆடினாள் என்பதை வைத்தே ஆட்டத்துக்கு மதிப்புப் போட்டார்கள். பெண்ணுடலின் மீதான கட்டுப்பாடும் சாதியும் எங்கே கைகோத்து நிற்கின்றன என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசன் தன் தேவைக்கு ஊர்ஊராகப் பெண்களைப் பெயர்த்துக்கொண்டு வந்த கதையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் அவர்கள் பெயரோடும் வீட்டோடும் வருமானத்தோடும் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்தம் வழக்கத்தை ஒழித்தபோது, அந்தப் பெண்களுக்கு ஒரு வீட்டையும் ஒரு வேலையையும், முக்கியமாக ஆசிரியர் என்ற இடத்தையும் கையில் கொடுத்திருந்தால் விராலிமலையின் கதை வேறாக இருந்திருக்கும்.

பதின்மூன்று வயது

இதெல்லாம் பழங்கதை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட முடியாது. திருச்சி மாவட்டத்திலேயே துவரங்குறிச்சி இருக்கிறது. 1968-இல் பிறந்த ஒரு பெண் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில், குளியலறையில் ஒளிந்து கவிதை எழுதினார். அந்தக் காகிதங்களை அவருடைய அம்மா ரகசியமாக வெளியே கொண்டுவந்து சேர்த்தார். சல்மா என்ற புனைபெயர் கவிதைக்குக் கிடைத்தது. எழுதியவள் யாரென்று ஊருக்குத் தெரியாது. 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தது. 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல். பேரூராட்சித் தலைவராகவும் ஆனார்.

சல்மா மறையவில்லை, கிழவியாகவில்லை, பேயாகவில்லை. மகளாக, மனைவியாக, தாயாக, வயதுவந்த உடலோடு எழுதினார். மூன்று கதவுகளுக்கும் வெளியே நான்காவது கதவு அது. அதைத் திறந்து வைக்க ஓர் அம்மாவின் கை தேவைப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. சண்முகவடிவு, பாலாம்பாள், பெயர் வெளியே தெரியாத துவரங்குறிச்சி அம்மா. மேடைக்குப் பின்னால் எப்போதும் ஓர் அம்மா இருந்திருக்கிறார். அழைத்துப்போன அம்மாவும் உண்டு, நிறுத்திய அம்மாவும் உண்டு. நிறுத்தியவர்களும் ஊருக்குப் பயந்துதான் நிறுத்தினார்கள். என் பாட்டியும் அப்படித்தான்.

ஆகவே பிரசங்கம் செய்யாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். விராலிமலை அம்மாவின் காணொளி ஒன்றைச் செல்போனில் போட்டுக்காட்டினேன். எண்பது வயதுக்கு மேல் ஒருவர் பாடிக்கொண்டே கால் வைப்பதைப் பார்த்தபடி அந்த அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "இத்தனை வயசுல எப்படி டீச்சர் அடி தப்பாம இருக்கு?" என்றார். ஏழு வயதில் கற்றது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் கும்மி நல்லா அடிப்பேன். எங்க ஊர்ல முளைப்பாரிக்கு நான்தான் பாட்டு எடுத்துக் குடுப்பேன். கல்யாணம் ஆனதோட சரி" என்றார்.

பிறகு வந்த சனிக்கிழமை அவர் மகளோடு மாடிக்கு வந்தார். காவலுக்கு வந்ததாகத்தான் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மகள் வழக்கம்போல இருட்டும்வரை காத்திருந்தாள். நோட்டைப் பிரித்து இரண்டு கவிதை படித்தாள். ஒன்று அம்மாவைப் பற்றியது. அதில் அம்மாவைப் பாராட்டி ஒரு வரியும் இல்லை. அந்த அம்மா அசையாமல் கேட்டார்.

முடிந்து பிள்ளைகள் இறங்கும்போது அவர் மட்டும் கொஞ்சம் தங்கினார். "அடுத்த தடவை எப்ப டீச்சர்?" என்று கேட்டார். தேதி சொன்னேன். "அன்னைக்கு எங்க வீட்டுல ராத்திரி சமையலைச் சீக்கிரம் முடிச்சிடுறேன்" என்றபடி படியிறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை மாடியில் ஒரு கும்மி இருந்தது. பாட்டு எடுத்துக் கொடுத்தவருக்கு நாற்பத்திரண்டு வயது.